தேய்ந்த செருப்பும் நேரான உடலும்

பி.கே.எஸ். ஐயங்காரின் ‘லைட் ஆன் யோகா’ 1966இல் வெளிவந்தது. தத்துவ முன்னுரையைக் கடந்து ஆசனப் பகுதிக்குள் நுழைந்தால் முதலில் வருவது தாடாசனம். நேராக நிற்பது, அவ்வளவுதான். அதை விளக்கும் இடத்தில் அவர் காலணியின் குதிகாலைக் கவனிக்கச் சொல்கிறார். ஒரே காலில் பாரத்தைப் போட்டு நிற்பவர்களுக்கு அது ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். இப்படிப் பிழையாக நிற்பதால் முதுகெலும்பு களைக்கிறது, மனமும் மந்தமாகிறது என்பது அவர் கருத்து.

படித்த அன்றே என் செருப்பைப் புரட்டிப் பார்த்தேன். இடது குதிகால் தேய்ந்திருந்தது. இரண்டு பிள்ளைகளை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு வலது கையால் குழம்பு கிளறியவள் நான். இருபது வருடமாக ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று வகுப்பெடுக்கிறேன். இடுப்பு வலிக்காக யோகா கற்கப் போனபோது ஆசிரியர் பார்த்ததும் சொன்னார்: “தப்பா நிக்கிறீங்க மேடம்.” அவர் கண்ணுக்குத் தெரிந்தது உண்மைதான். ஆனால் அந்தத் ‘தப்பு’ யாருடையது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. புத்தகத்திலும் அதற்கு இடமில்லை.

ஐயங்கார் முறையின் பலம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுவயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று நோயோடு வாழ்ந்தவர் அவர். 1937இல் புனேவுக்கு ஆசிரியராகப் போனார். நோஞ்சான் உடலிலிருந்து தொடங்கியதாலோ என்னவோ, கட்டை, பெல்ட், நாற்காலி, மடித்த போர்வை என்று எதையும் துணைக்கு எடுத்துக்கொள்ள அவர் தயங்கவில்லை. குனிந்து கால் விரலைத் தொட முடியாத ஐம்பது வயதுப் பெண்ணும் ஆசனம் செய்யலாம் என்றானது இதனால்தான். பதஞ்சலியின் எட்டு அங்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிகளாக மட்டும் அவர் பார்க்கவில்லை. ஒரு ஆசனத்தில் நிற்கும்போதே அகிம்சையும் வாய்மையும் தியானமும் அதற்குள் நடக்க வேண்டும் என்றார். அலைன்மென்ட் என்று இன்று வகுப்புகளில் சொல்லப்படும் உடலை நேர்ப்படுத்தும் முறை அவருக்குத் தத்துவத்தின் செயல்வடிவம்.

இதில் பெண்களுக்கு ஒரு பெரிய விடுதலை இருக்கிறது. மார்பு வளரத் தொடங்கிய வயதில் தோளை ஒடுக்கிக் கூனப் பழக்கப்பட்டவர்கள் நாம். “நெஞ்சை விரிங்க, தோளைப் பின்னால தள்ளுங்க” என்ற கட்டளையைக் கேட்டு முதன்முறை அப்படி நின்றபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு கண் கலங்கியது. அந்தக் கூச்சத்துக்கு என் முதுகெலும்பு முப்பது வருடம் விலை கொடுத்திருக்கிறது.

ஆனால் பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணத்தில் இரண்டு சொற்கள் உண்டு: ஸ்திரம், சுகம். உறுதியும் இதமும். யோக சூத்திரத்தின் நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றுதான். அவற்றுள் இரண்டாவது, முயற்சியைத் தளர்த்துவதைப் பற்றியது. நடைமுறையிலோ நேர்ப்படுத்தும் வகுப்புகள் உறுதியையே ஓயாமல் போதிக்கின்றன. முழங்காலை மேலே இழு, தொடையை இறுக்கு, வாலெலும்பை உள்ளே கொண்டு போ. பெண்களுக்கு உறுதியை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. நமக்குப் பாடமாகாமலே போனது இதம்.

இந்த இடத்தில்தான் கீதா ஐயங்கார் முக்கியமாகிறார். ஐயங்காரின் மூத்த மகள். 2018இல் மறையும்வரை புனே நிறுவனத்தில் கற்பித்தவர். பெண்களுக்கான அவரது யோக நூல் 1983இல் ஆங்கிலத்தில் வந்தது. மாதவிடாய், கர்ப்பம், மாதவிடாய் நிற்றல் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து ஆசன வரிசை அமைத்தார். தந்தையின் நூலில் படத்துக்குப் படம் நிற்பது ஓர் ஆணின் உடல். மகள் பெண்ணுடலை மையத்தில் கொண்டுவந்தார். மாதவிடாய் நாளில் முதுகுக்குத் திண்டு கொடுத்துச் சாய்ந்து படு என்று சொல்லும் உடற்பயிற்சி நூல் அரிது.

அதே நூலோடு எனக்குச் சண்டையும் உண்டு. பெண்ணின் வாழ்க்கையைக் கருப்பையின் மூன்று பருவங்களாகப் பகுத்துவிட்டால், பிள்ளை பெறாதவளும் பெற விரும்பாதவளும் எங்கே நிற்பார்கள்? இன்னொன்று, மாதவிடாயின்போது தலைகீழ் ஆசனங்கள் கூடாது என்ற விதி. உதிரம் திரும்பி உள்ளே போய்விடும் என்று பல வகுப்புகளில் இதற்கு விஞ்ஞானக் காரணம் சொல்கிறார்கள். உதிரத்தை வெளியேற்றுவதில் கருப்பைத் தசையின் சுருக்கத்துக்கே முக்கியப் பங்கு. படுத்துத் தூங்கும்போதும் அது நடக்கிறது. புவியீர்ப்பை உணராத விண்கலத்தில் பெண்களுக்கும் நடக்கிறது. சிறிதளவு உள்நோக்கிப் போவதோ, தலைகீழாக நிற்காத பெரும்பாலான பெண்களுக்கும் நிகழ்வதுதான். ஓய்வு வேண்டுமென்றால் ஓய்வு என்றே சொல்லலாம். ‘வீட்டுக்கு விலக்கு’ என்பதற்கு விஞ்ஞான உடை மாட்ட வேண்டாம்.

விஞ்ஞானம் என்று ஒரு முறை தன்னை அழைத்துக்கொண்டால் சோதனைக்கும் திருத்தத்துக்கும் இடம்தர வேண்டும். இடுப்பெலும்புக் குழியின் ஆழமும் கோணமும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்திக்குச் சரியான கோணம் இன்னொருத்தியின் மூட்டுக்குக் கேடு. இதை வெளியிலிருந்து பார்க்கும் கண் முழுதாக அறிய முடியாது. உள்ளிருந்து அவள்தான் சொல்ல வேண்டும். ஐயங்கார் மாணவர்களை அடித்துத் திருத்தியவர் என்பதை அவருடைய மாணவர்களே எழுதியிருக்கிறார்கள். கேட்காமல் தொட்டுத் திருத்தும் கை இன்றும் பல கூடங்களில் இருக்கிறது. அகிம்சையை முதல் இயமமாக வைத்த தத்துவத்தோடு இது எப்படிப் பொருந்தும்? “வலிக்கிறது” என்று ஒருத்தி சொல்வது சத்தியம் என்ற இரண்டாவது இயமம். அந்தச் சொல்லைச் சான்றாக ஏற்கும் வகுப்பில்தான் தத்துவமும் விஞ்ஞானமும் உண்மையில் சேர்கின்றன.

நான் இன்னும் தாடாசனத்தில்தான் நிற்கிறேன். பாதி நேரம் பாரம் இடதுகாலுக்குப் போகிறது. அதைக் கவனிக்கிறேன், மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ‘தப்பு’ என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் குழம்பு கிளறும் முறை ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் கணவருக்கு. புதிய செருப்பு எப்படித் தேய்கிறது என்று பார்க்க வேண்டும்.