பிறந்த தேதி இல்லாதவர்கள்

சேர்வராயன் மலையில் 'சமூகத்தை மாற்றியவர்கள்' என்று தலைப்புக் கொடுத்தால் காக்பர்ன் துரை கட்டாயம் வருவார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்தவர், ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். அடுத்து காந்தி, அம்பேத்கர், அப்துல் கலாம், அன்னை தெரசா. பெண்கள் வரிசையில் முத்துலட்சுமி ரெட்டி. சில ஆண்டுகளாக இந்த மலைப் பள்ளிகளில் இப்படிப்பட்ட உரைகளைக் கேட்க என்னை அழைக்கிறார்கள். பிள்ளைகள் நன்றாகவே பேசுகிறார்கள். எனக்கு இடிப்பது அந்த உரையின் அச்சுதான். இடது மூலையில் படம், பிறகு பிறப்பு, கல்வி, சாதனை, விருது, மறைவு. சார்ட் அட்டை போய் பவர்பாயின்ட் வந்த பிறகும் அந்த வரிசை அப்படியே இருக்கிறது.

முத்துலட்சுமியை எடுத்துக்கொள்வோம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார், சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், தேவதாசி முறையை ஒழித்தார். எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்துக்குள் எத்தனை பெண்கள் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்! அவருடைய தாய் சந்திரம்மாளே தேவதாசி மரபில் வந்தவர் என்பதை எந்த ஸ்லைடிலும் நான் பார்த்ததில்லை. சென்னையின் தேவதாசிகள் சங்கமாகத் திரண்டு அவருடைய முயற்சியை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்த்தவர்களில் ஒருவர். சொத்துரிமை என்ன ஆகும், கலை என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டது அற்பமான கேள்வி இல்லை. பேச்சு 1927இல் தொடங்கி, சட்டம் வந்தது 1947இல். 20 ஆண்டுகள் பெண்களுக்குள்ளேயே நடந்த அந்த வாக்குவாதத்தை 'ஒழித்தார்' என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது.

அதே வாக்குவாதத்தின் நடுவில் நின்ற இன்னொருவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசிகளிடையே வளர்ந்து, வெளியே வந்து, அந்த வாழ்க்கையை 1936இல் நாவலாக எழுதியவர். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தவர். அவர் பட்டம் எதுவும் வாங்கவில்லை, 'கல்வி' என்ற தலைப்புக்குக் கீழே போட ஒன்றுமில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு வகுப்பில் அவரைத் தெரியுமா என்று கேட்டேன். "அந்த ஆயிரம் ரூபாய் ஸ்கீம்தானே மிஸ்?" என்றாள் ஒரு பெண். (ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டத்தைக் கொடுத்தது 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. 'பெரியார் பெண்களுக்காகப் போராடினார்' என்று வரும் ஸ்லைடுகளில் அதற்கும் இடமில்லை.)

மறுபடி காக்பர்ன். அவர் செடியைக் கொண்டுவந்தார், சரி. பழத்தை யார் பறித்தார்கள்? கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில், சில்வர் ஓக் நிழலில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு பள்ளியில் காக்பர்னைப் பற்றிப் பேசிய மாணவி, "எங்கம்மாவும் எஸ்டேட்லதான் பழம் பறிக்கிறாங்க" என்று முடித்தாள். "தலைப்பை விட்டு வெளியே போகாதே" என்றார் ஆசிரியை. எனக்கு அந்த உரையிலேயே தலைப்புக்குள் இருந்த வாக்கியம் அது ஒன்றுதான் என்று பட்டது. 50 பெண்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்த மாணவி தன் அம்மாவிடம் போய், "என்னை எங்கே விட்டுட்டு வேலைக்குப் போனீங்க?" என்று கேட்டுவந்து பேசியிருந்தால், மலையின் வரலாறு அடுத்த நான்கு நிமிடத்தில் வகுப்புக்குள் வந்திருக்கும்.

பெயர் இல்லாத போராட்டத்தை எப்படிப் பேசுவது என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் மூணாறைச் சொல்கிறேன். 2015 செப்டம்பரில், போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததும் ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நிர்வாகத்தை மட்டுமல்ல, பேச வந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையும் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் 20 சதவீதத்துக்கு உடன்பாடு ஆனது. நாள் கூலி 232இலிருந்து 500 ஆக வேண்டும் என்று கேட்டார்கள், பின்னால் கிடைத்தது 301. 'பெம்பிளை ஒருமை' என்ற அந்த அமைப்பிலிருந்து பத்திரிகைகள் ஓரிரு பெயர்களைப் பிடித்துக்கொண்டன. தலைவிகளுக்குள் பிளவும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்கிறேன்.

போன தடவை ஒரு பத்தாம் வகுப்புப் பெண் சாலை நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் படத்தைத் திரையில் போட்டாள். இதில் தலைவர் யார் என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். அவள் படத்தை இன்னும் பெரிதாக்கினாள், கூலிக் கணக்குக்குப் போனாள்.