பூஜ்யங்களை அனுப்பிப் பார்த்தவர்

லிங்க் முழுதாக அறுந்தால் கண்டுபிடிப்பது எளிது. விளக்கு அணைந்திருக்கும், வாட்ச்மேனே சொல்லிவிடுவார். லிங்க் இருக்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை என்று வரும்போதுதான் கைதேர்ந்த ஆள் தேவைப்படுகிறார். அப்படி ஒருவரை அழகர்கோவிலில் ஒரு பிற்பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிளை அலுவலகத்துக்கு மதுரையிலிருந்து இரண்டு எம்பி லீஸ்டு லைன் வந்த காலம். இரண்டு வாரமாக ஒரு தொந்தரவு. கணக்கு போகும், மெயில் போகும். ஸ்கேன் செய்த பத்திரங்களில் சில மட்டும் பாதியில் நின்றுவிடும். எப்போது அனுப்பினாலும் அதே பத்திரம், அதே இடம். வந்தவர்கள் ரவுட்டரை அணைத்துப் போட்டார்கள், கேபிளை மாற்றினார்கள், பிங் அடித்துக் காட்டி, "லிங்க் நல்லாத்தான் இருக்கு சார்" என்று போய்விட்டார்கள்.

நான்காவதாக வந்த அண்ணன் எதையும் தொடவில்லை. "எந்தப் பத்திரம்யா நிக்குது?" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். நின்றவை எல்லாவற்றிலும் எழுத்து கொஞ்சம், வெற்றிடம் அதிகம். எங்கள் ஸ்கேனர் வெள்ளையைச் சைபராக எழுதும் ரகம், சுருக்கவும் செய்யாது. அவர் முகத்தில் ஒரு சின்னத் தெளிவு வந்தது. அந்த நொடியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பரவசமாக இருக்கிறது.

1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல்தான் பிங். நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியிலிருந்து பெயர் வைத்தார். "இருக்கிறாயா?" என்று கேட்கும், எதிர்முனை "இருக்கிறேன்" என்னும். பெரும்பாலோர் அந்த அளவிலேயே அதைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே என்ன எழுத்தை வைத்து அனுப்புவது என்பதையும் நாமே சொல்லலாம் என்பது தெரிந்தவர்களுக்கே தெரியும். அண்ணன் முதலில் கலவையான எண்களை 1500 பைட் பாக்கெட்டாக நூறு முறை அனுப்பினார். திரை முழுக்க ஆச்சரியக்குறிகள். ஒவ்வொரு குறியும் திரும்பி வந்த ஒரு பதில். அடுத்து, வெறும் சைபர்களால் நிரப்பி அதே நூறு. ஆச்சரியக்குறி ஒன்று, அப்புறம் புள்ளி, புள்ளி, புள்ளி. புள்ளி என்றால் பதில் இல்லை.

கம்பியில் ஒன்று என்பது ஒரு துடிப்பு, சைபர் என்பது அமைதி. துடிப்பை வைத்துத்தான் எதிர்முனை தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. அமைதி நீண்டால் தாளம் தவறும். அதனால் இந்த ரக லைனில் நான்கு சைபர் சேர்ந்து வந்தாலே நடுவில் துடிப்பைப் புகுத்தி அனுப்ப ஓர் ஏற்பாடு உண்டு. வழியில் எங்கோ அது வைக்கப்படவில்லை. எங்கே?

சித்திரையில் அழகர் மலையிறங்கினால் மதுரை முழுக்க ஒரே கேள்விதான்: "அழகர் எங்க வந்துருக்காரு?" கள்ளந்திரியைத் தாண்டிவிட்டார், அப்பன்திருப்பதியில் நிற்கிறார், மூன்றுமாவடிக்கு வந்துவிட்டார் என்று மண்டகப்படி மண்டகப்படியாகச் செய்தி வரும். அண்ணன் அதையே கம்பியில் செய்தார். முதலில் எங்கள் மோடத்தில் லூப் போட்டார். போனது அங்கேயே திரும்பி வந்தது, ஒரு புள்ளிகூட இல்லை. போனில் சொல்லி அடுத்த நிலையத்தில் லூப், சுத்தம். அதற்கடுத்த நிலையத்தில் லூப், புள்ளிகள். வேலை முடிந்தது. இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஒரு லைனில், இந்த இரண்டு நிலையத்துக்கு நடுவில் என்று நாற்காலியை விட்டு எழாமல் சொல்லிவிட்டார்.

இந்தக் கலைக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பயிற்சிக்களம் இருந்திருக்கிறது. கிழக்கே மேலூர்க் கிராமங்களில் 2001 இல், ஐஐடி மெட்ராஸ் குழுவின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணைய மையங்கள் வந்தன. வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அதில் கூரை ஆன்டெனாவுக்கு சிக்னல் கோபுரம் தெரிய வேண்டியிருந்தது. மேற்கே தேனியில், அரவிந்த் கண் மருத்துவமனையையும் ஊர்களில் இருந்த அதன் கண் மையங்களையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு வைஃபையாலேயே கிலோமீட்டர் கணக்கில் இணைத்தது. வீட்டு வைஃபை பதிலுக்குக் கொஞ்ச நேரமே காத்திருக்கும். தூரத்துப் பதில் வருவதற்குள் தொலைந்தது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். அதை மாற்றி எழுதினார்கள். அப்புறமும் லிங்க் விழுந்தது. 2008 இல் அவர்கள் எழுதியதைப் படித்தால், ரேடியோவைவிட மின்சாரம்தான் அதிகம் படுத்தியிருக்கிறது: ஏறி இறங்கும் வோல்டேஜில் கருவிகள் கருகியிருக்கின்றன, குறைந்த வோல்டேஜில் ரவுட்டர்கள் உறைந்து நின்றிருக்கின்றன. ரவுட்டரைத் திறக்கும் முன் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்ப்பவரை நான் அதனால்தான் அதிகம் மதிக்கிறேன். எங்கள் அண்ணனும் வந்த உடனே கேட்டது, "எர்த்து இருக்கா?"

போனில் அவர் சொன்னது ஒரே வரி. எதிர்முனையில் யாரோ ஓர் அமைப்பை மாற்றினார்கள். மறுபடி சைபர்கள்; திரை முழுக்க ஆச்சரியக்குறி. நாங்கள் கைதட்டினோம். நின்றுபோன பத்திரத்தை அனுப்பினேன், போய்விட்டது.

அவர் எழவில்லை. ஆயிரம் என்று தட்டினார், உள்ளே வெறும் சைபர். கோவிலில் வாங்கி வைத்திருந்த தோசையைப் பிட்டு நீட்டினேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, வரிசை வரிசையாக நிரம்பும் குறிகளுக்கு நடுவே ஒரு புள்ளியாவது விழுகிறதா என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.