'தேய்மானம்' என்னும் சொல் - ஒரு திறனாய்வு

மூட்டு வலியென்று மருத்துவரிடம் செல்லும் நம்மூர்ப் பெரியவர்கள் பெரும்பாலும் ஒரு சொல்லோடு வீடு திரும்புகிறார்கள். அச்சொல் 'தேய்மானம்'. கழுத்து வலித்தால் கழுத்தெலும்புத் தேய்மானம். இடுப்பு வலித்தால் முதுகெலும்புத் தேய்மானம். முழங்கால் வலித்தால் மூட்டுத் தேய்மானம். மருத்துவக் குறிப்புகளிலும், தைல விளம்பரங்களிலும், எளிய அறிவியல் கட்டுரைகளிலும் இச்சொல்லே ஆட்சி செய்கிறது. மக்கள் நாவில் இவ்வளவு எளிதாக ஏறிய அறிவியற் சொற்கள் மிகச் சிலவே. அச்சொல்லை இங்கே சற்று உரைத்துப் பார்ப்போம்.

இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தேய்மானம், உராய்வு, நெம்புகோல் ஆகியவை எங்கள் பாடத்துச் சொற்கள். இரவல் போன பொருள் எப்படிக் கையாளப்படுகிறது என்று பார்க்கும் உரிமை உடையவனுக்கு உண்டல்லவா? மற்றொரு காரணமும் உண்டு. மன்னார்குடியில் நாள்தோறும் காலையில் ஹரித்ரா நதிக் கரையில் நடந்து வந்த என் தாயார், தமக்கு முழங்காலில் தேய்மானம் என்று கேட்ட நாளிலிருந்து நடப்பதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது, "தேஞ்சுபோன காலை நடந்து நடந்து இன்னும் தேய்க்கச் சொல்றியா தம்பி?" என்றார். அவர் வாதத்தில் பிழையில்லை. பிழை அவருக்குக் கொடுக்கப்பட்ட சொல்லில் இருந்தது.

சொல்லின் நன்மை

முதலில் அச்சொல்லுக்குரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். மூட்டில் வரும் நோய்கள் பலவற்றையும் 'வாதம்' என்ற ஒரே பெயரில் அடக்கிப் பேசுவது நம் வழக்கம். அவற்றுள் ஒன்றைத் தனியே பிரித்துக் காட்ட இச்சொல் உதவியது. வண்டி அச்சும் கதவுக் கீலும் தேய்வதைக் கண்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. முதுமை, உடற்பருமன், பழைய காயம், ஆண்டுக்கணக்காகக் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் கடின உழைப்பு ஆகியவை முழங்கால் நோய்க்குத் துணைபுரிகின்றன என்பதும் உண்மையே.

மூன்று பிழைகள்

ஆயினும், முதற்பிழை 'எலும்பு தேய்ந்துவிட்டது' என்பதிலேயே இருக்கிறது. மூட்டில் சந்திக்கும் எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இந்நோயில் சிதைவது அதுவே. அதன் அடியிலுள்ள எலும்போ தடித்து இறுகுகிறது. ஓரங்களில் முள்போலப் புதிய எலும்பு வளர்கிறது. அதாவது, தேய்ந்ததாகச் சொல்லப்படும் எலும்பு உண்மையில் வளர்ந்துகொண்டிருக்கிறது! எலும்பு தேய்ந்தது என்று நம்பியவர் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறார். அம்மாத்திரை குருத்தெலும்பை மீண்டும் போர்த்தாது. எலும்பின் அடர்த்தி குறைந்து, சிறிய வீழ்ச்சியிலும் முறிந்துபோகும் எலும்புப்புரை என்பது முற்றிலும் வேறு நோய். முறிவு நேரும்வரை அது பெரும்பாலும் வலிப்பதே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்கு உண்ணத்தானே செய்வர்?

இரண்டாவது பிழை உராய்வைப் பற்றியது. நலமான மூட்டின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.01 அல்லது அதனினும் குறைவு. நாம் செய்யும் எந்தக் கதவுக் கீலும் இதனருகே வராது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை; அதன் எடையில் பெரும்பகுதி நீரே. நீரில் நனைந்த பஞ்சைப் போல, காலை ஊன்றும்போது அது அழுந்தி நீரைக் கசியவிடுகிறது. தூக்கும்போது மூட்டுநீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு ஊட்டம் கிடைப்பதில் இந்த அசைவுக்குப் பெரும் பங்குண்டு. வண்டி அச்சு ஓடினால் தேயும். குருத்தெலும்போ அசையாதிருந்தால் வாடும். உவமை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

மூன்றாவது பிழை, உயிருள்ள உறுப்பை எந்திரமாகக் கருதுவது. தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று செருமானிய மருத்துவர் சூலியசு உல்ஃப் 1892இல் விளக்கினார். எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்கள், உடற்பயிற்சி போதாதபோது, இடுப்புப் பகுதி எலும்பில் மாதத்திற்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை இழப்பது இதற்குச் சான்று. சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் விழும் விசை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. தசைகள் குட்டையான நெம்புகோல் கையில் இழுப்பதே இதற்குக் காரணம். எனவே உடலெடையில் ஒரு கிலோ குறைந்தால், மூட்டுக்கு அதனினும் அதிகமான சுமை குறைகிறது. தொடைத் தசை வலுப்பெற்றால் மூட்டு உறுதியாக நிற்கிறது. ஆகவேதான் இன்றைய மருத்துவத்தில் முறையான பயிற்சியும் எடைக் குறைப்பும் முதற் சிகிச்சைகளாக உள்ளன.

சொல் பொருந்தும் இடம்

'தேய்மானம்' மிகச் சரியாகப் பொருந்தும் ஓரிடமும் உண்டு. இங்கிலாந்து மருத்துவர் சர் ஜான் சார்ன்லி, உராய்வு குறைந்த செயற்கை இடுப்பு மூட்டை உருவாக்க முயன்றபோது, முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோயிற்று. 1962இல் அவர் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைய மாற்று மூட்டு அறுவைக்கு அதுவே அடித்தளம். அதுவும் சிறிது சிறிதாகத் தேயும். உதிரும் நுண்துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரித்து மூட்டைத் தளரச் செய்யக்கூடும். ஆகத் தேய்மானம் என்பது செயற்கை மூட்டுக்கே முழுமையாக உரிய சொல்.

முற்றிய நிலையில் மாற்று மூட்டு பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. 2017இல் இந்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பும் விதித்தது. ஆனால் அது கடைசிப் படி. தேய்மானம் என்ற சொல்லோ நோயாளியை இடைப்பட்ட படிகளைத் தாண்டி அங்கே அழைத்துச் செல்கிறது. தேய்ந்த பாகத்தை மாற்றத்தானே வேண்டும் என்று அவர் எண்ணுகிறார்! 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். "பயிற்சியால் தேய்ந்தது ஒட்டுமா?" என்று கேட்பவருக்கு அதன் அருமை எப்படித் தெரியும்?

இன்னொரு தீங்கும் உண்டு. இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் விறைத்திருந்தால், அது முடக்குவாதமாக இருக்கலாம். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுடுமானால் கிருமித் தொற்றாக இருக்கலாம். இவற்றைத் தேய்மானம் என்று எண்ணிக் காலம் கடத்தலாகாது. விரைந்து மருத்துவரைக் காணவேண்டும்.

அப்படியானால் மாற்றுச் சொல் என்ன? 'மூட்டு நலிவு' எனலாம் என்பது என் கருத்து. சிதைந்த குருத்தெலும்பு முழுதும் திரும்பி வாராதெனினும், வலி தணியலாம், நடை தேறலாம். தேய்ந்தது தேறும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நலிந்தது தேறும் என்று எவரும் நம்புவர். இதனினும் நல்ல சொல் உங்களுக்குத் தோன்றினால் அதனையே வழங்குங்கள்.

என் தாயாருக்கு நனைந்த பஞ்சைப் பிழிந்து காட்டித்தான் விளக்கினேன். முதலில் நம்பவில்லை. இப்போது இயன்முறை மருத்துவர் கற்பித்த தொடைப் பயிற்சியைச் செய்துவிட்டு, குளக்கரையின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல நடந்து திரும்புகிறார். மாணவர்களே, நாளை நீங்கள் தமிழில் அறிவியல் எழுதும்போது ஓர் உவமையைக் கையில் எடுத்தால், அதைக் கேட்பவர் வீட்டிற்குப் போய் என்ன செய்வார் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.