குறையா, குறி தவறலா?

துன்பியல் நாடகம் என்றதும் நாயகனின் 'குணக்குறை' எது என்று தேடத் தொடங்குவது நமது வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. சொபொக்கிளிஸின் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தைப் படிக்கும் மாணவரும் 'செருக்குற்றான், அழிந்தான்' என்று ஒரே வரியில் விடையை முடித்துவிடுகிறார். இவ்விடை நாடகத்தையே இல்லாமலாக்கிவிடுகிறது என்பது எனது அபிப்பிராயம்.

அரிஸ்டோட்டில் 'கவிதையியல்' நூலின் 13ஆம் அத்தியாயத்தில் கையாளும் சொல் 'ஹமார்ட்டியா'. எய்தது இலக்குத் தவறுவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அது. தீய குணத்தாலன்றி, ஒரு பெருந்தவறினால் நாயகன் வீழ்கிறான் என்றே அவர் சொல்கிறார்.

ஈடிப்பஸிடம் கோபமும் அவசரமும் உண்டுதான். டைரீசியஸையும் கிரெயோனையும் மேடையில் அவன் ஏசுகிறான். ஆனால் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கொலையும் மணமும் நடந்து முடிந்துவிட்டன. முச்சந்தியில் கையோங்க வைத்தது கோபம். அந்த முதியவரை அவனது தந்தையாக்கியது கோபமல்ல.

'தலைகீழ் மாற்றம்', 'கண்டறிதல்' என்ற மற்றிரு சொற்களும் இதையே காட்டுகின்றன. கொரிந்திலிருந்து வரும் தூதன் ஈடிப்பஸின் அச்சத்தைப் போக்கவே பேசுகிறான்; அப்பேச்சே உண்மையின் கதவைத் திறந்துவிடுகிறது. ஜொகாஸ்டா தடுத்தும் ஈடிப்பஸ் விசாரணையை நிறுத்தவில்லை. உண்மையை அறிய வேண்டும் என்ற அந்த உறுதியைக் குறை என்பதா?

ஒரு சொல் எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு அரபு இலக்கியத்தில் சான்றுண்டு. 10ஆம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா இந்நூலைச் சிரியாக் மொழிவழி அரபுக்குக் கொண்டுவந்தபோது துன்பியலை 'மதீஹ்', அதாவது புகழ்ப்பா என்று பெயர்த்தார். 12ஆம் நூற்றாண்டில் இப்னு ருஷ்த் போன்ற பேரறிஞரும் அச்சொல்லை வைத்தே விளக்கவுரை எழுதினார். கிரேக்க நாடகங்கள் அவருக்கு எட்டவில்லை. நமக்கோ நாடகமே கையிலிருக்கிறது.

தகாத துன்பத்தைக் கண்டு இரக்கமும், நம்மைப் போன்றவனுக்கு நேர்வதைக் கண்டு அச்சமும் பிறக்கும் என்றார் அரிஸ்டோட்டில். வீழ்ந்தவனிடம் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் நமக்கு நிம்மதி. அவன் துன்பம் தகும் என்றாகிவிடுகிறது. நாம் அவனைப் போன்றவர்களல்ல என்றும் ஆகிவிடுகிறது. பிறகு இரக்கம் எங்கே, அச்சம் எங்கே? மேடையில் பழகும் இத்தீர்ப்பை வெளியிலும் துன்பப்பட்டவர் மீது சுமத்தவே செய்வோம்.

ஆகவே 'குறை' என்பதை விட்டு, 'தவறு' என்றோ 'குறி தவறல்' என்றோ எழுதப் பழகுவோம்.