ஒட்டும் கையும் துளைக்கும் கையும்: அம்பத்தூரிலும் இலங்கையிலும் காருக்குப் பூட்டும் அணிகலன்

பெண்ணுக்கு நகை பூட்டிப் பார்ப்பதுபோல, புதுக் கார் வீட்டுக்கு வந்ததும் அதற்கு ஏதாவது பூட்டிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். கதவுக்கு மேலே மழை வைசர், பக்கவாட்டில் பீடிங், கைப்பிடிக்குக் குரோம், பம்பர் முனைக்கு ரப்பர் கார்டு, சக்கரத்துக்குப் பின்னால் மட் ஃப்ளாப். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் யாராவது ஒருவர் வாசலில் குனிந்து இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இலங்கையிலும் இதே வைசர், இதே குரோம்தான். ஆனால் எப்போது பூட்டுகிறார்கள், எதற்காக, எந்த முறையில் என்று கேட்டால் இரண்டு ஊரும் இரண்டு விடை தருகின்றன. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகர் வாகனத் தொழிலால் வளர்ந்த பகுதி. 1960களின் தொடக்கத்தில் பாடியைச் சுற்றி லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா எனத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பூந்தமல்லியைத் தாண்டி, இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ ஓடத் தொடங்கியது. அதனால் இங்கே ஒவ்வொரு தெருவிலும் பிரஸ் ஷாப்பிலோ மோல்டிங் யூனிட்டிலோ பெயின்ட் பிரிவிலோ வேலை பார்த்த ஒருவராவது இருப்பார். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கைகள் நிறைந்த பகுதியில், வைசர் ஒட்டக் கடைக்குக் கூலி கொடுக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலோ இணையத்திலோ பொருளை வாங்கிவந்து தாங்களே பொருத்துகிறார்கள்.

இங்கே பூட்டும் அணிகலனுக்குப் பாதி காரணம் அழகு, மீதிப் பாதி பயம். கார் நிறுத்தும் இடமில்லாத வீடுகள்தான் அதிகம். வண்டி இரவு முழுவதும் தெருவில் நிற்கும். சந்தில் திரும்பும் பைக்கின் ஹேண்டில், பால் வண்டி, தண்ணீர் லாரி என எது உரசினாலும் கோடு விழும். பகலில் எம்.டி.எச். சாலை நெரிசலில் பம்பர் முனை தப்புவதே பெரிய காரியம். ஆகவே கார் டெலிவரி எடுக்கும்போதே, அல்லது முதல் ஆயுதபூஜைக்கு முன்பாவது, கதவு ஓரத்துக்கும் பம்பருக்கும் காப்பு ஏறிவிடுகிறது.

இலங்கையில் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. அங்கே ஓடும் கார்களில் பெரும்பங்கு ஜப்பானில் சில ஆண்டு ஓடி, ரீகண்டிஷன் வாகனமாகக் கப்பலில் வந்தவை. இறக்குமதி வரி மிக அதிகம். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டில் நாட்டுக்குள் இருந்த கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. வாங்கிய விலையைவிடக் கூடுதலுக்குப் பழைய கார் விற்ற காலம் அது. ஒரு குடும்பத்தின் சேமிப்பே அந்தக் காரில் நின்றது.

அதனால் அங்கே அணிகலன் பூட்டுவதன் நோக்கம், வண்டியை அது ஜப்பானிலிருந்து வந்த நாளின் தோற்றத்துக்குத் திருப்புவது. மழை வைசரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் அது கார் வாங்கும்போதே டீலர் பொருத்திக் கொடுக்கும் பொருள். பல வண்டிகள் அதனுடனேயே கொழும்புத் துறைமுகத்தில் இறங்கின. அது உடைந்தால், கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் அதே மாடலின் பழைய ஒரிஜினலைத் தேடி வாங்குவோர் உண்டு. பழையதைக் காக்கும் இந்தப் பழக்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அந்த மக்கள். மாற்றுப் பொருள் வராத ஊரில், இருப்பதைக் கெடுக்காமல் வேலை செய்வது கைக்குள் ஊறிவிடுகிறது.

இந்த வேறுபாடு கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: ஒட்டுவதா, துளைப்பதா? காரே சேமிப்பாக இருக்கும் இடத்தில் தகட்டில் ஒரு துளை என்பது நேரடி நட்டம். வாங்க வருபவர் பெயின்டையும் துளையையும் தடவிப் பார்ப்பார். நம் பகுதியிலோ கையில் டிரில் இருக்கிறது, ஸ்க்ரூ இருக்கிறது, டேப் மீது நம்பிக்கை இல்லை. “ரெண்டு ஸ்க்ரூ போட்டா ஆயுசுக்கும் ஆடாது” என்று கதவிலும் டிக்கியிலும் துளை போட்டுவிடுகிறோம். அந்தத் துளை பெயின்டையும் துரு தடுக்கும் பூச்சையும் தாண்டி வெறும் தகட்டைத் தொடுகிறது. சென்னையின் ஈரக்காற்றில் அங்கேதான் துரு பிடிக்கத் தொடங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் புறநகர்த் தெருக்களில் நின்றதை நினைத்தால், தகட்டில் ஒரு சின்ன ஓட்டை எவ்வளவு பெரிய வாசல் என்பது புரியும்.

டேப் மீது நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் டேப் அல்ல, ஒட்டும் முறை. 3எம் நிறுவனம் 1980இல் வி.எச்.பி. என்ற அக்ரிலிக் நுரை டேப்பைக் கொண்டுவந்தது. இன்று உலோகத் தகடுகளையும் கட்டடக் கண்ணாடிகளையும் அந்த வகை டேப் தாங்கி நிற்கிறது. வைசரின் பின்னால் வரும் டபுள் சைடு டேப்பும் அந்தக் குடும்பம்தான். அது கேட்பது மூன்று: சுத்தம், அழுத்தம், நேரம்.

முதலில் சுத்தம். ஷாம்பூ போட்டுக் கழுவினால் போதாது. பாலிஷில் உள்ள மெழுகும் சிலிக்கோனும் படலமாக நிற்கும். நம் பகுதிப் போர் தண்ணீரில் கழுவினால் உப்புக் கறையும் சேரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து, நூல் உதிராத துணியில் நனைத்துத் துடைத்துக் காயவிட வேண்டும். அதன்பின் அந்த இடத்தையோ டேப்பின் முகத்தையோ விரலால் தொடக்கூடாது. ஒட்டுவதற்கு ஏற்ற சூடு 21 முதல் 38 டிகிரி செல்சியஸ். மே மாத வெயிலில் நின்ற கதவு கைவைக்க முடியாமல் சுடும். அதிகாலையில் நிழலில் வேலையைத் தொடங்குவதே சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகே தொட வேண்டும்.

அடுத்து அழுத்தம். டேப்பின் காகிதத்தை முழுதும் உரிக்காமல், இரு முனைகளில் மட்டும் சற்றே உரித்து வெளியே மடித்துக்கொள்ளுங்கள். வைசரைக் கதவுச் சட்டத்தில் வைத்து இடம் பார்த்து, பிறகு காகிதத்தை இழுத்தபடி முனையிலிருந்து முனைவரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போகலாம். கடைசியாக நேரம். அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பு, 24 மணி நேரத்தில் சுமார் 90 விழுக்காடு, 72 மணி நேரத்தில் முழுப் பிடிப்பு. காலையில் ஒட்டி மாலையில் வாட்டர் சர்வீஸுக்கு விடுபவர்தான் டேப்பைக் குறை சொல்கிறார். மூன்று நாள் தண்ணீர் படாமல் விட்ட வைசர் ஆண்டுக்கணக்கில் நிற்கும். எடுக்க நினைத்தால் ஹேர் டிரையரின் சூடும் தூண்டில் நரம்பும் போதும். பெயின்ட் அப்படியே இருக்கும்.

சட்டமும் இந்த விஷயத்தில் பேசுகிறது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என வைத்தது. முன்னால் பூட்டும் புல் பார்களை அகற்றும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோதும்போது நசுங்கி விசையை வாங்க வேண்டிய முன்பகுதியை அந்த இரும்புக் குழாய் தடுக்கிறது; விசை நேரே சேஸிக்குப் போகிறது; ஏர்பேக் சென்சாரின் கணக்கும் குழம்பக்கூடும்; எதிரே நடந்துவருபவருக்கு அடி கூடுதலாகிறது.

சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் விதத்திலும் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிமுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2012 ஏப்ரல் 27. அமலுக்கு வந்தது மே 4. ஒரே வாரம். சாலையில் கிழித்தெடுத்தார்கள், கெடுபிடி தளர்ந்ததும் ஃபிலிம் திரும்பி வந்தது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டு, முன், பின் கண்ணாடியில் 70, பக்கக் கண்ணாடியில் 50 விழுக்காடு ஒளி ஊடுருவும் ஃபிலிமை ஒட்டலாம் என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இலங்கையில் 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்துடன், பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டிய ஆபத்தான அலங்காரங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினார்கள். சாரதிகளின் சங்கங்கள் எதிர்த்தன. பேச்சு நடந்தது, தாமாகவே கழற்றிக்கொள்ள மூன்று மாத அவகாசம் கிடைத்தது. கழற்றுவதற்கும் காலம் வேண்டும், காரணம் புரியவும் காலம் வேண்டும் என்பதை ஏற்ற அந்த அணுகுமுறை நமக்கும் தேவை.

என் தீர்ப்பு இதுதான். பொருத்தும் கைத்திறன் நம் புறநகரில் அதிகம். பொருத்தும் ஒழுக்கம் இலங்கையரிடம் அதிகம். தடயமின்றிக் கழற்ற முடிவதை மட்டும் வீட்டில் பூட்டுங்கள். வைசர், பீடிங், கைப்பிடிக் குரோம், கதவு ஓரக் காப்பு எல்லாம் ஒட்டும் இனம்; தாராளமாகச் செய்யலாம். மட் ஃப்ளாப்புக்குத் தயாரிப்பாளர் விட்டுவைத்த துளையும் ஸ்க்ரூவுமே போதும். விளக்கு, கண்ணாடி, நம்பர் பிளேட், முன் பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்பு ஆகிய நான்கையும் தொடாதீர்கள். ஏற்கெனவே புல் பார் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுத்து அதைக் கழற்றிவிடுங்கள்.