தொகுப்பூதியத்தில் தீவுக் காவல்

கடல் வாடையே படாத ஊர் ஓமலூர். இங்கே விலங்கியல் முடித்த பெண் ஒருத்தி, மன்னார் வளைகுடாத் தீவுகளில் பவளப்பாறை கணக்கெடுக்கும் வேலைக்கு விண்ணப்பிப்பதாகச் சொன்னால், வீட்டில் முதலில் கேட்பது "பர்மனென்டா கண்ணு?" என்றுதான். ஊர்க்காரர்களுக்குச் சூழல் அறிவு போதவில்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தீவுப் பாதுகாப்பு அமைப்புகள் ஆட்களை வைத்துக்கொள்ளும் முறையிலேயே கோளாறு இருக்கிறது.

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டவை. பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. மிச்சத்தைக் காக்க உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பணம் தர, தமிழக அரசு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையை நிறுவியது. வனத்துறையின் வழக்கமான சட்டகத்துக்குள் அடங்காத ஒன்றை, கரையோர ஊர்களைச் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல ஏற்பாடு. மீனவக் கிராமத்து ஆட்களையே காவலுக்கு எடுப்பதும் நல்லதே. நீரோட்டம் எங்கே திரும்பும், எந்தத் தீவில் எப்போது வள்ளம் ஒதுங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பாடம்.

ஆனால் பதவிகள் திட்டத்தோடு கட்டப்பட்டவை. திட்ட நிதி வரும்வரை தொகுப்பூதியம், ஒப்பந்தம், நீட்டிப்பு. மேலே இருப்பவர்களோ வனப்பணி அதிகாரிகள்; சில ஆண்டுகளில் மாற்றலாகி வேறு மாவட்டம் போவார்கள். முடிவெடுப்பவருக்குப் பதவி உயர்வு உண்டு, இடத்தோடு பழக்கம் இல்லை. இடத்தை அறிந்தவருக்கு அடுத்த படி என்று ஒன்றே கிடையாது. பதினைந்து வருடம் கடலில் காவல் பார்த்தவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே பெயரில் அழைக்கப்படுவார்கள். முறையின் பெரிய குறை இதுதான். சம்பளம் குறைவு என்பதைவிடப் பெரிய குறை.

இதனால் அறிவியலுக்கும் நட்டம். 2010-இலும் 2016-இலும் இங்கே பவளங்கள் வெளுத்தன. எந்தப் பாறை மீண்டது, எது செத்தது என்று சொல்ல, அதே இடத்தை அதே கண்கள் ஆண்டுதோறும் பார்த்திருக்க வேண்டும். கயிறு பிடித்து அளந்து பவள இனத்தை நீருக்கடியிலேயே அடையாளம் காணப் பழகச் சில பருவங்கள் பிடிக்கும். பழகியவர் ஒப்பந்தம் முடிந்து போனால் புதியவர் மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்குவார். இரண்டு ஆண்டுக் கணக்குகளுக்கு இடையே தெரியும் வேறுபாடு பவளத்தினுடையதா, பார்த்தவருடையதா என்ற சந்தேகம் மிஞ்சும்.

பாம்பன் அருகே சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தியை எடுத்துக்கொள்வோம். தீவுகளைக் காக்க நிதி தரும் கலிஃபோர்னியாவின் சீகாலஜி அமைப்பு 2015-இல் அவருக்கு விருது தந்தது. மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று அங்குள்ள பெண்கள் தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். எந்த மேலாண்மைத் திட்டத்துக்கும் குறையாத வேலை அது. ஆனால் இத்தகையவர்களைப் பாதுகாப்பு அமைப்புகள் 'பயனாளி' என்றே பதிவேட்டில் எழுதும். கிடைத்தால் விருது, கிடைக்காவிட்டால் சுழல்நிதிக் கடன். பணியாளர் பட்டியலில் இடம் கிடைப்பது அரிது.

மறுபக்கமும் உண்டு. உள்ளூர் ஆளைக் காவலுக்கு வைத்தால், தடை செய்யப்பட்ட கடல் அட்டையோடு வரும் படகில் அவருடைய சித்தப்பாவே இருக்கலாம். நிரந்தரம் ஆக்கினால் சுறுசுறுப்பு போய்விடும் என்ற வாதமும் முழுப் பொய்யல்ல. அரசு அலுவலக நாற்காலிகளை நாம் பார்க்காதவர்களா? இருந்தும், அந்தச் சித்தப்பாவை மடக்கச் சொல்லும் அமைப்பு, அதற்காக ஊர்ப்பகை சம்பாதிப்பவருக்கு அடுத்த வருடம் வேலை உண்டா என்று சொல்ல மறுப்பது எந்த வகை நியாயம்?

வேறு இடத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். கலாபகஸ் தீவுகளில் 1998-இல் வந்த சிறப்புச் சட்டம் வேலைகளில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை தந்தது. பூங்காக் கட்டணம் அங்கே பாதுகாப்புக்கான வருமானம். 2024-இல் வெளிநாட்டவருக்கு அதை 100 டாலரிலிருந்து 200 ஆக்கினார்கள். பயணிகளை நம்பிய பணம் 2020-இல் கொரோனா வந்ததும் வற்றியது, அது வேறு கதை. அந்த வழியை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. பயணிகளைக் கொண்டுவந்து குவித்தால் தாங்கும் தீவுகள் அல்ல நம்முடையவை.

இங்கே செய்யக்கூடியது சிறியது. பவளக் கணக்கெடுப்பாளர் பணிக்கு முதுகலைப் பட்டம் கேட்கும் இடத்தில், பத்து வருடக் கடல் அனுபவத்தை மாற்றுத் தகுதியாக ஏற்று, அந்தப் பதவிக்கு மேலே இரண்டு படிகளாவது வைக்கலாம். ஓமலூரிலிருந்து விண்ணப்பிக்கும் பெண்ணுக்குப் போட்டி கூடும். ஆனால் அவள் வீட்டாரின் கேள்விக்கு அப்போது ஒரு பதிலும் இருக்கும்.