காலமும் இடமும் யாருக்கு?

நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பாடம் சொல்பவர் காலமும் இடமும் பார்த்து, உயர்ந்த இடத்தில் அமர்ந்து, கேட்பவரின் திறன் அறிந்து சொல்ல வேண்டும் என்கிறார் பவணந்தி. அந்தக் காலத்தையும் இடத்தையும் ஆசிரியருக்கு யார் தருவது என்ற கேள்வி 2020இல்தான் எனக்கு வந்தது.

அந்த ஆண்டு மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள். ஜூம், கூகுள் மீட், கூகுள் கிளாஸ்ரூம் எல்லாவற்றுக்கும் இணையவழிப் பயிற்சி நடந்தது, மாலை ஆறு மணிக்கு. ஆண்களுக்கு அது வேலை முடிந்த நேரம். எங்களில் பலருக்கு இரண்டாவது வேலை தொடங்கும் நேரம். யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. "மேடம், மியூட் பண்ணுங்க" என்றார் பயிற்றுநர். கேட்க நினைத்த சந்தேகங்களும் அந்த மியூட்டோடு அடங்கின. பெண் ஆசிரியர்களுக்குத் 'தொழில்நுட்பத் தயக்கம்' அதிகம் என்று முடிவில் அறிக்கை எழுதினார்கள்.

நன்னூலின் மொழியில் இது எங்களை இல்லிக்குடம் என்பது. ஊற்றியதெல்லாம் ஒழுகிப்போகும் ஓட்டைக்குடம், கடைமாணாக்கர். ஆனால் அதே நூல் முதல்மாணாக்கருக்குப் பசுவையும் உவமை சொல்கிறது. வயிறார மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசு என்று உரைகள் விரிக்கின்றன. மேய்ச்சலை எங்களுக்கும் காட்டினார்கள். அசைபோட நிழல்தான் இல்லை. அதைத் தயக்கம் என்று பெயரிடுவது, நேரத்தைப் பறித்துக்கொண்டு அறிவைக் குறை சொல்வது. நன்னூலையும் விட்டுவிட முடியாது. உயர்ந்த இடத்தில் ஒருவர் அமர்ந்திருக்கையில் அடுப்படியில் யார் நின்றார் என்பதற்கு அதில் சூத்திரம் இல்லை.

எங்கள் துறையில் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். "பச்சைப் பட்டன், மேல்நோக்கிய அம்பு: நம் திரை பிள்ளைகளுக்குத் தெரியும்." "இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். யாப்பை இரண்டாகப் பிரிக்கவும்." "பிள்ளை கேமரா போடவில்லையென்றால் அதட்டாதே. ஒற்றை அறை வீடாக இருக்கும்."

இந்தக் கடைசி வரியை எந்தப் பயிற்றுநரும் சொல்லவில்லை. கேட்பவரை அறிந்து சொல்வது என்று பாயிரம் கேட்பது இதைத்தான். கருவியைக் கற்றதோடு அக்கா நிற்கவில்லை. கருவிக்குத் தெரியாததையும் சேர்த்து இலக்கணம் வகுத்தார். பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். எங்கள் துறை முழுவதும், ஆண்கள் உட்பட, அதை வைத்துத்தான் வகுப்பெடுத்தது.

ஆகவே பெண் ஆசிரியர்களுக்குத் தேவை இன்னொரு பயிற்சி அல்ல. பயிற்சியைப் பணிநேரத்துக்குள் வையுங்கள்; அசைபோட நேரம் கொடுங்கள்; அவர்கள் எழுதும் நோட்டையும் நூலாகப் படியுங்கள்.

பணி உயர்வு விண்ணப்பத்தில் நான் இணைத்தது அந்த மாலைப் பயிற்சியின் சான்றிதழை. நான் கற்றதோ அக்காவின் நோட்டிலிருந்து. அதைக் குறிப்பிட விண்ணப்பத்தில் கட்டம் இல்லை. ஒரு கட்டம் வேண்டும் என்று அன்று நானும் கேட்கவில்லை.